டாக்டரம்மா பதில்கள்: தாயைப் பறிகொடுத்த சிம்பன்சிகள்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு மாடு, ஆடு, கோழி பற்றித்தான் கடிதங்கள் வரும். போன இதழில் உகாண்டாவின் ங்கம்பா தீவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். விக்டோரியா ஏரியில் இருக்கும் அந்தத் தீவில், வேட்டைக்காரர்களிடமும் கடத்தல்காரர்களிடமும் இருந்து மீட்ட சிம்பன்சிகளை 1998 முதல் பராமரிக்கிறார்கள். என் மகன் கம்பாலாவில் வேலை பார்ப்பதால் அங்கே போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சிம்பன்சிக் கடிதங்கள். மாட்டுக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். மடிநோய் பற்றிய இரண்டு கடிதங்களுக்கு மட்டும் தபாலில் பதில் போட்டுவிட்டேன்.

அந்தச் சிம்பன்சிகளுக்கு வேளாவேளைக்கு என்ன சாப்பாடு? நாள் முழுக்க என்னதான் செய்யும்?
– பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி

ஆச்சி, கோட்டை அடுப்பில் ஊருக்கே சமைத்துப் பழகிய கை கேட்கிற கேள்வி இது. விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் முதலில் கஞ்சி. மாவு கரைத்துக் காய்ச்சியது. அதைக் குடித்ததும் கதவைத் திறந்துவிடுவார்கள், கூட்டம் காட்டுக்குள் போய்விடும். தீவு மொத்தம் 100 ஏக்கர் அளவு. அதில் 95 ஏக்கருக்குக் காடு, அது முழுக்கச் சிம்பன்சிகளுக்கு. மின்வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிறு துண்டில்தான் ஊழியர்களும் நம்மைப் போல வருகிறவர்களும். காடு பெரிதாகத் தோன்றினாலும் 50 சிம்பன்சிகளுக்கு அது காணாது. இயற்கையில் ஒரு கூட்டம் பல சதுர கிலோமீட்டர் சுற்றித்தான் வயிறு நிரப்பும். அதனால் முற்பகலில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை வேலியோரம் சாப்பாடு போடுகிறார்கள். பப்பாளி, பலா, அன்னாசி, அவகாடோ, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட். எல்லாம் கரையிலிருந்து படகில் வந்து இறங்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி கஞ்சி.

சாப்பாட்டு நேரத்தை மேடையில் நின்று பார்க்கலாம். வரும்போதே சத்தம் வந்துவிடும். ‘ஹூ, ஹூ’ என்று மெதுவாகத் தொடங்கி, மூச்சு வேகமாகி, கடைசியில் ஒரே அலறலாக முடியும். ஒன்று தொடங்கினால் காட்டுக்குள்ளிருந்து இன்னொன்று பதில் சொல்லும். சில சிம்பன்சிகள் உள்ளங்கையை விரித்து நீட்டிக் கேட்கும், சில கை தட்டும். ஒரு பெண் சிம்பன்சியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கென்று எறிந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேலிக்கு வெளியே விழுந்துவிட்டது. கம்பியில் கை படாமல் உட்கார்ந்து, ஒரு குச்சியை ஒடித்து, இலையை உருவிப் போட்டுவிட்டு, வேலிக்கு அடியில் நீட்டி, கிழங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் பப்பாளி. சதையையும் சில இலைகளையும் சேர்த்து மென்று, உருண்டையாக்கிக் கீழுதட்டுக்குள் அடக்கி, உதட்டை முன்னால் துருத்திச் சாற்றை உறிஞ்சியது. இடையிடையே உதட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டது, எவ்வளவு மிச்சம் என்று.

சாப்பாட்டுக்கு நடுவில் இருக்கிற நேரத்தில் பெரும்பகுதி பேன் பார்ப்பதில் போகும். உண்மையில் அங்கே பேன் அதிகம் இருக்காது. முடியை விலக்கி, காய்ந்த தோலைக் கிள்ளி, பக்கத்தில் இருப்பவரோடு உறவைப் புதுப்பித்துக்கொள்கிற வேலை அது. காலையில் சண்டை போட்ட இரண்டு ஆண்கள் மத்தியானம் கை நீட்டி, வாயோடு வாய் வைத்து, பிறகு முதுகைத் திருப்பிக் கொடுத்து உட்காருவதைப் பார்க்கலாம். பராமரிப்பாளர்கள் யாரோடு யார் உட்கார்கிறார்கள் என்பதை நோட்டில் எழுதி வைக்கிறார்கள். ஒருவரிடம் யாருமே போகவில்லை என்றால் உடம்புக்கோ மனசுக்கோ ஏதோ இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்கிறார்கள். என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சிம்பன்சி எங்கே தூங்கும்? மரத்திலா, கட்டிலிலா?
– ஏழாம் வகுப்பு மாணவன், கானாடுகாத்தான்

தம்பி, காட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் மரத்தின் மேலே புதிதாக ஒரு படுக்கை செய்யும். கிளைகளை வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மடக்கி, இலையைப் பரப்பினால் சில நிமிடத்தில் படுக்கை தயார். குட்டி இதை அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த குட்டிகளுக்கு இது சரியாக வராது. ங்கம்பாவில் இரவுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது, உள்ளே தொங்கும் தூளிகளும் வைக்கோலும் உண்டு. கிடைத்த வைக்கோலைத் தன்னைச் சுற்றி அணைத்து வட்டமாக அடுக்கிவிட்டுத்தான் படுக்கும். ராத்திரி காட்டிலேயே இருக்கிறேன் என்று சில வராமல் போவதும் உண்டு. கட்டாயப்படுத்துவதில்லை. எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

டயப்பர் கட்டி, சட்டை போட்டு, பாட்டிலில் பால் குடிக்கும் குட்டிச் சிம்பன்சி வீடியோக்களை நானும் தோழிகளும் தினமும் பார்க்கிறோம். அவ்வளவு அழகாகச் சிரிக்கிறது! அது சந்தோஷமாகத்தானே இருக்கிறது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

இல்லையம்மா. மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் முழுக்கத் தெரிய வாயை இழுத்துக் காட்டினால் சிம்பன்சி பயந்திருக்கிறது என்று அர்த்தம். விளையாட்டில் மகிழும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேற்பற்களை உதடு மூடியிருக்கும், கூடவே மூச்சு வாங்குவது போன்ற ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். அடுத்த தடவை அந்த வீடியோ வந்தால் வாயை மட்டும் கவனித்துப் பார்.

அந்தக் குட்டி அங்கே எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிம்பன்சிக் குட்டி நான்கைந்து வயது வரை பால் குடிக்கும், அதற்குப் பிறகும் சில வருடம் அம்மாவை ஒட்டியே திரியும். எந்தத் தாயும் குட்டியைக் கொடுக்காது. காட்டிலிருந்து ஒரு குட்டியை எடுக்கத் தாயைச் சுடுகிறார்கள், தடுக்க வந்த மற்றவற்றையும் சுடுகிறார்கள். இது எங்கோ ஆப்பிரிக்காவில் நடக்கிற விஷயம் என்று நினைத்துவிடாதே. கொல்கத்தாவில் கடத்தல்காரர் ஒருவரிடமிருந்து மீட்ட மூன்று சிம்பன்சிகள் அலிப்பூர் விலங்குக்காட்சி சாலைக்குப் போயின. 2019இல் அமலாக்கத் துறை அவற்றைச் சொத்தாகவே முடக்கியது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு அரிய விலங்குகளும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன.

அழகான குட்டியாக இருப்பதும் கொஞ்ச காலம்தான். சியரா லியோனில் டக்குகாமா காப்பகத்தை 1995இல் தொடங்கிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர், கணக்காளர். 1988இல் கிராமத்துப் பக்கம் போனபோது, மரத்தில் கட்டிப் போட்டிருந்த நோஞ்சான் குட்டி ஒன்றை அவரும் மனைவியும் 20 டாலர் கொடுத்து மீட்டு வந்தார்கள். புரூனோ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்து, கூட்டத்துக்கே தலைவனாகி, 2006இல் முப்பதுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளோடு காப்பகத்திலிருந்து வெளியேறியது. ஓர் ஓட்டுநர் உயிரிழந்தார். பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன, புரூனோ வரவே இல்லை. அவ்வளவு அன்போடும் அனுபவத்தோடும் வளர்த்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்து என்ன செய்ய முடியும்? தயவுசெய்து அந்த வீடியோக்களைப் பகிராதே. பார்க்கிறவர்கள் கூடக் கூடத்தான் குட்டிக்கு விலை ஏறுகிறது.

தாயில்லாத குட்டியை யார் வளர்ப்பது?
– திருப்பத்தூரிலிருந்து ஒரு இளம் தாய்

முதலில் மனிதர்கள். புதிதாக வந்த குட்டியைச் சுமார் மூன்று மாதம் மற்ற சிம்பன்சிகளிடமிருந்து பிரித்து வைத்து நோய்ப் பரிசோதனை செய்வார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தனியே விட்டால் குட்டி உயிரை விட்டுவிடும். பராமரிப்பவர் பகல் முழுக்க இடுப்பிலும் வயிற்றிலும் சுமந்து திரிய வேண்டும், இரவில் பக்கத்திலேயே படுக்க வேண்டும். அப்புறம் மெதுவாக அந்தப் பிடியை விடுவித்து, பொறுமையுள்ள பெரிய பெண் சிம்பன்சி ஒன்றிடம் அறிமுகப்படுத்துவார்கள். முதலில் கம்பி வலைக்கு இரு பக்கமும் விரல் தொட, பிறகு ஒரே அறையில். பெரியது முதுகைத் தாழ்த்திக் காட்டி, குட்டி ஏறி உட்கார்ந்துவிட்டால் வளர்த்த மனிதர் அங்கிருந்து விலகிப்போக வேண்டும். அவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு பராமரிப்பாளர் சொன்னபோது அவர் கண் கலங்கியது.

மீட்ட விலங்கைக் காட்டில் விடுவதுதானே நியாயம்? வேலிக்குள் வைத்தால் அதுவும் ஒரு சிறைதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, நியாயம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் காடு காலியாக இல்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்கு எல்லை உண்டு. அந்நிய ஆண் நுழைந்தால் அடித்தே கொன்றுவிடும். எந்தப் பழம் எப்போது பழுக்கும், எதைத் தின்னக்கூடாது என்று தாய் கற்றுக்கொடுக்க வேண்டியதைக் கற்காதவை இவை. மனிதனைக் கண்டால் ஓடாமல் பக்கத்தில் வருபவை, வேட்டைக்காரனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

முயற்சி நடக்காமல் இல்லை. காங்கோவின் கொன்குவாட்டியில் 1996 முதலும், கினியா நாட்டில் 2008இலும் காப்பகச் சிம்பன்சிகளைக் காட்டில் விட்டிருக்கிறார்கள். விட்ட பிறகும் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாக் காப்பகத்துக்கும் அதற்கான காடும் பணமும் இல்லை. அதனால்தான் ங்கம்பாவில் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்கிறார்கள். இன்னும் அனாதைக் குட்டிகள் வந்துகொண்டிருக்கும்போது, உள்ளேயே குட்டி பிறந்தால் இடம் ஏது? கருத்தடை மனசுக்கு ஒப்பாத காரியம்தான், ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு சிம்பன்சி 50 வருடம் வாழும். ஒரு குட்டியை ஏற்கும்போதே அத்தனை வருடக் கஞ்சிக்கும் கணக்குப் போட்டாக வேண்டும்.

காப்பகத்துக்கு வெளியே இருக்கும் காடு போய்க்கொண்டிருப்பதுதான் பெரிய கவலை. டக்குகாமாவைச் சுற்றி மரம் வெட்டுவதை எதிர்த்து 2025இல் அவர்கள் பார்வையாளர்களுக்குக் கதவை மூடினார்கள். சிம்பன்சியைத் தேசிய விலங்காக 2019இல் அறிவித்த நாட்டிலேயே இந்த நிலை.

தங்களில் ஒன்று இறந்தால் அவற்றுக்குத் தெரியுமா?
– புதுவயல் வாசகர்

தெரியும். கேமரூனில் சனாகா-யோங் என்ற காப்பகம் இருக்கிறது, ஷெரி ஸ்பீட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1999இல் தொடங்கியது. டோரத்தி என்ற பெண் சிம்பன்சி அங்கே 2000இல் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் 25 வருடம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் கழுத்தில் சங்கிலியோடு கிடந்தவள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பீரும் சிகரெட்டும் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். காப்பகத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சொந்த இனத்தின் துணை கிடைத்தது, ஓர் அனாதைக் குட்டியைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். 2008இல் இதயம் நின்று இறந்தபோது, அவள் உடலைத் தள்ளுவண்டியில் அடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவை வேலியோரம் வந்து, ஒன்றின் தோளில் ஒன்று கை வைத்துப் பார்த்தன. அந்தப் புகைப்படம் உலகெங்கும் போயிற்று. எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் கூட்டம் அது. அந்த நேரத்தில் சத்தமே வரவில்லையாம்.

அவ்வளவு தூரத்தில் நடப்பதற்கு நாம் இங்கிருந்து என்ன செய்துவிட முடியும்?
– சிங்கம்புணரி வாசகி

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கிருந்தோ வரும் நாரைகளுக்காகக் குழந்தைகளின் மத்தாப்பு ஆசையையே விட்டுக்கொடுத்த ஊர்கள் நம் பக்கத்தில் இருக்கும்போது, உங்களுக்கு நான் என்ன சொல்ல? காப்பகங்களுக்கு நேரடியாக நன்கொடை அனுப்பலாம். விலங்குக்காட்சி சாலைக்குப் போனால் பிள்ளைகளைக் கூண்டைத் தட்ட விடாதீர்கள்.

மகளைப் பார்க்க உகாண்டா போகிறோம். ங்கம்பாவுக்கு எப்படிப் போவது? நம்ம ஊர்ப் பலகாரம் கொஞ்சம் சிம்பன்சிகளுக்குக் கொடுக்கலாமா?
– கோட்டையூர் தம்பதி

எண்டெபேயிலிருந்து 23 கிலோமீட்டர், படகில் போக வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். போகிற அன்று இருவரில் ஒருவருக்குச் சளி இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகப் போகிற கிருமி சிம்பன்சிக்கு நுரையீரல் வரை இறங்கிவிடும்.

பலகாரம் சிம்பன்சிகளுக்கு வேண்டவே வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது, வெளியார் எதையும் கொடுக்கவும் விடமாட்டார்கள். ஒரு டின் சீப்புச் சீடை எடுத்துப்போய் ஊழியர்களுக்குக் கொடுங்கள். விடியற்காலையில் எழுந்து கஞ்சி காய்ச்சுகிறவர்கள் அவர்கள்தான், நான் கொண்டுபோனதை விரும்பிச் சாப்பிட்டார்கள்.