கணினி கேள்வி – பதில்: முடிவில்லாமல் நீளும் ஃபோல்டர்

கேள்வி: என் பழைய லேப்டாப்பின் யூசர் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். அதில் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. அழிக்க முயன்றால், பாதை மிக நீளம் என்று விண்டோஸ் மறுக்கிறது. இது வைரஸா? பேரனின் படங்களும் உள்ள அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?
– வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை – 33

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள், இதற்காக ரிச்சி தெருவுக்கு அலையவும் வேண்டாம். முதல் வேலையாகப் படங்களை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

இது வைரஸ் இல்லை. பழைய புரோகிராம்களுக்காக விண்டோஸ் விஸ்டா காலம் முதல் யூசர் ஃபோல்டருக்குள் ‘ஜங்ஷன்’ எனப்படும் இணைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. ‘லோக்கல்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘அப்ளிகேஷன் டேட்டா’ அத்தகைய ஒன்று. அது தான் இருக்கும் ‘லோக்கல்’ ஃபோல்டரையே மீண்டும் சுட்டுகிறது. இதை உணராத பேக்கப் புரோகிராம், இணைப்பை உண்மையான ஃபோல்டராகக் கருதி உள்ளே போய், நகலுக்குள் நகலாக எடுத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் சாய்கோட்டுடன் (\) 17 எழுத்துகள் என்பதால், 15 அடுக்குகளுக்கே 255 ஆகிவிடும். எக்ஸ்புளோரர் கையாளும் பாதையின் வரம்போ 260 எழுத்துகள்தான்.

வழி, விண்டோஸிலேயே உள்ள ‘ரோபோகாப்பி’ (robocopy) என்ற நகலெடுக்கும் கட்டளை. அதற்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் அதற்கு முன், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில், பேக்கப் டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்துக்குச் சென்று, ‘டிர்’ (dir) கட்டளையுடன் முன்சாய்கோடும் (/) ஏ எழுத்தும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பெயருக்கு அருகில் ‘ஜங்ஷன்’ என்று காட்டினால், ‘ஆர்டி’ (rd) கட்டளையுடன் அந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். இணைப்பு மட்டும் நீங்கும். சாதாரண ஃபோல்டராகக் காட்டினால், அதே டிஸ்க்கில் காலியான ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ‘ரோபோகாப்பி’ என்பதை அடுத்துக் காலி ஃபோல்டரின் பாதை, பிறகு அழிய வேண்டிய ஃபோல்டரின் பாதை, கடைசியில் முன்சாய்கோடும் (/) எம், ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளும் கொடுங்கள். இடைவெளி உள்ள பாதைகளை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

காலி ஃபோல்டரைப் போலவே இரண்டாவதையும் ஆக்குவதற்காக, அதில் உள்ள அனைத்தையும் இக்கட்டளை துடைத்துவிடும். எதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஆகவே இரண்டாவது பாதையை, எண்டர் தட்டும் முன் எழுத்தெழுத்தாக மீண்டும் படியுங்கள். இந்த ஓரிடத்தில் அவசரம் கூடவே கூடாது. முடிந்ததும், வெறுமையாகிவிட்ட இரு ஃபோல்டர்களையும் வழக்கம்போல் நீக்கிவிடலாம்.

லேப்டாப்பில் உள்ள மூல இணைப்பைத் தொட வேண்டாம். அடுத்த முறை ரோபோகாப்பியிலேயே பேக்கப் எடுத்து, கட்டளையின் முடிவில் முன்சாய்கோடு (/), எக்ஸ், ஜே என்று சேர்த்தால், அது ஜங்ஷன்களைத் தவிர்த்துவிடும்.