யார் கையெழுத்து வேண்டும்?

கேள்வி: மருமகளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். சின்னவளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. இப்போது எட்டு வாரம். கலைக்கப் போகிறேன் என்கிறாள். நகரத்தார் நாங்கள்; எங்கள் புள்ளிக்கு (குடும்பக் கணக்குக்கு) ஆண் வாரிசு வேண்டாமா? வயிற்றில் இருக்கும் உயிரை அழிப்பது பாவமில்லையா? என் மகன் கையெழுத்துப் போடாவிட்டால் நிறுத்த முடியுமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: முடியாது, ஆச்சி. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் வயது வந்த பெண்ணிடம் அவள் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. கணவர் கையெழுத்தைச் சில மருத்துவமனைகளில் கேட்பார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. உடல்நலம், மனநலம் கருதி 20 வாரம் வரை ஒரு டாக்டர் சரி என்றால் போதும்.

பாவமா என்பது லேசான கேள்வி இல்லை. கருவை வெறும் சதைப்பிண்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு நாம் செய்ய வேண்டிய கடமை உண்டு. ஆனால் அந்தக் கடமையைத் தன் உடம்பைக் கொடுத்துச் செய்ய வேண்டியவள் அவள் ஒருத்திதான். இரண்டு முறை அறுத்துத் தைத்த கர்ப்பப்பை அது. பழைய தையல் தழும்பு பிரிந்துவிடலாம். நஞ்சுக்கொடி தழும்புக்குள்ளேயே வேர்விட்டு, பிரசவத்தில் ரத்தம் நிற்காமலும் போகலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இரண்டு வருடமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கடிதத்தில் அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே!

ஒன்று கேட்கிறேன். இதுவும் பெண்தான் என்று தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? உயிருக்காகப் பேசுகிறவர் அது ஆணா பெண்ணா என்று பார்க்க மாட்டார். (ஸ்கேனில் கேட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் அப்போதே தடுத்துவிடுங்கள். 1994 சட்டப்படி, கேட்கிற குடும்பத்தாருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை.)

வாரிசு இல்லை என்று யார் சொன்னது? 2005 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. புள்ளிக்கு ஆண்தான் வேண்டும் என்றால், பிள்ளை கூட்டிக்கொள்வது (தத்தெடுப்பது) நகரத்தாருக்குப் புதிதா? அதற்காக மருமகள் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

நாளைக் கடத்தவும் வேண்டாம். ஒன்பது வாரத்துக்குள் என்றால் டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையோடு முடியும். நீங்கள் மறித்தால் அவள் யாருக்கும் தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குவாள், ஆபத்து அங்கேதான். மகனை அவளோடு அனுப்புங்கள், பேத்திகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவளே மனம் மாறிப் பெற்றுக்கொள்கிறேன் என்றால், ரத்த வங்கியும் ஆபரேஷன் வசதியும் உள்ள மருத்துவமனையில் இப்போதிருந்தே காட்ட வேண்டியது உங்கள் வீட்டுப் பொறுப்பு.