கோட்டானுக்கு ஜெட் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1/72 அளவில் ஹைன்கெல் 219 பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று இருக்கிறது (ஜெர்மானியர் ‘ஊஹு’, அதாவது கோட்டான், என்று அழைத்த விமானம்). பாதியில் நிறுத்திவிட்ட மெசர்ஷ்மிட் 262 கிட்டின் இரண்டு ஜெட் இன்ஜின்களும் சும்மா கிடக்கின்றன. இரண்டாம் உலகப்போர் 1946 வரை நீண்டிருந்தால் இந்த இரவுச் சண்டை விமானம் எப்படி மாறியிருக்கும் என்று ஒரு கற்பனை மாடல் செய்ய ஆசை. ப்ரொப்பெல்லருக்குப் பதில் ஜெட், பின்பக்கம் பார்த்து உட்காரும் துப்பாக்கி வீரர், கூடுதல் பீரங்கிகள் என்று வரைந்து பார்த்தேன். நண்பர் பார்த்துவிட்டு, ‘பொம்மை மாதிரி இருக்கு’ என்கிறார். எங்கே தப்பு?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். ஆனால் தப்பு உங்கள் கற்பனையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. கற்பனை விமானத்தில் ஒரு பொய்தான் சொல்லலாம். அந்த ஒரு பொய்யால் எடை, இடம், சமநிலை என்று என்னென்ன செலவு வருகிறதோ அத்தனையையும் மாடலில் கட்டித் தீர்க்க வேண்டும். நீங்கள் மூன்று பொய் சொல்லிவிட்டு ஒன்றுக்கும் செலவு கட்டவில்லை.

ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். கிட்டில் இறக்கையின் கீழ்ப்பாதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் கூடு இறக்கைக்குப் பின்னாலும் நீண்டு போகிறது அல்லவா? அது அழகுக்காக இல்லை. பக்கத்துக்கு இரண்டு சக்கரம். விமானம் மேலே ஏறியதும் அவை காலோடு பின்னோக்கி மடிந்து அந்தக் கூட்டுக்குள்தான் போய்ப் படுக்கும். கூட்டை வெட்டி எறிந்துவிட்டு ஜெட்டைத் தொங்கவிட்டால் சக்கரம் எங்கே போகும்? 262-இல் சக்கரங்கள் உள்நோக்கி மடிந்து உடற்பகுதிக்குள் போகின்றன. 219-இன் உடலோ ஒடுக்கமானது. உள்ளே எரிபொருள் டேங்குகள், வயிற்றுக்கு அடியில் பீரங்கித் தொட்டி. ஒரு சக்கரத்துக்குக்கூட இடம் கிடையாது. நண்பரின் கண்ணுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன், காரணத்தை அவரால் சொல்ல முடியாவிட்டாலும்.

அடுத்து எடை. உங்களிடம் இருக்கும் யூமோ 004 இன்ஜின் ஒன்றின் தள்ளுவிசை சுமார் 900 கிலோ. இரண்டும் சேர்ந்து சுமார் ஆறரை டன் எடையுள்ள 262-ஐத் தூக்கின, அதுவும் நீளமான ஓடுபாதை கொடுத்தால். 219-இன் ஏ-7 வகை பதின்மூன்றரை டன். அதே இரண்டு ஜெட்டை மாட்டினால் ஓடுபாதை முடிந்து வயல் வந்துவிடும். ஜெட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நான்கு வேண்டும்: அராடோ 234 என்ற ஜெர்மன் ஜெட் விமானத்தின் சி வகையில் இருப்பது போல ஜோடி ஜோடியாக. கூட்டின் பின்பாதியைச் சக்கரத்துக்காக விட்டுவைத்து, ஜோடியை அதற்கு வெளிப்பக்கம் தொங்கவிடலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நம்பலாம். சரி, அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: ரேடார் வைத்த இரண்டு இருக்கை 262 நிஜமாகவே இருக்கும்போது, இந்தக் கனத்த உடம்புக்கு ஜெட் எதற்கு? எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

துப்பாக்கி வீரரையும் விட்டுவிடுங்கள். காக்பிட்டுக்குப் பின்னால் இருப்பது டேங்க். ஆளை உட்கார வைக்க உடலை நீட்ட வேண்டும், நீட்டினால் வால் கனக்கும், மறுபடி முதலிலிருந்து.

நான் சொல்லும் ஒரே மாற்றம் மூக்கில். அதற்குக் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொட்டின. சுமார் 60 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்த ஜெர்மன் லிக்டென்ஸ்டைன் ரேடார்களுக்கு அந்தத் துண்டுகளின் எதிரொலியில் அன்றைக்குக் கண் கட்டிப்போனது. அப்புறம் வந்த எஸ்என்-2 ரேடாரின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். அலை நீண்டால் ஆன்டெனாவும் நீள வேண்டும். 219-இன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மான்கொம்புகள் அப்படி வந்தவைதான். காற்றில் இழுத்து வேகத்தைத் தின்றன. 1944 ஜூலை 13 அன்று எஸ்என்-2 பொருத்திய யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் இரவு விமானம் ஒன்று வழிதவறி இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்திலேயே இறங்கிவிட, அந்த ரகசியமும் போயிற்று.

இன்னொரு பக்கம், 1943 பிப்ரவரியில் ராட்டர்டாம் அருகே விழுந்த ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிரிட்டிஷ் சென்டிமீட்டர் ரேடார் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதைப் பார்த்துச் செய்த பெர்லின் ரேடார் 9 சென்டிமீட்டர் அலையில் ஓடியது. கொம்பு வேண்டாம், ஒரு கிண்ண ஆன்டெனாவும் அதை மூடும் ஒட்டுப்பலகைக் குமிழும் போதும். 1945-இல் சில யுங்கர்ஸ் 88 விமானங்களில் அதைப் பொருத்தினார்கள். அதே குமிழ் ஹைன்கெல்லின் மூக்கிலும் வந்திருந்தால்? இந்த ஒரு பொய் போதும். பார்ப்பவர் யாரும் மறுக்க மாட்டார்கள். 1/72-இல் அந்தக் கொம்புகளை உடையாமல் வெட்டியெடுத்து ஒட்டும் அவஸ்தையும் மிச்சம். (இந்த யோசனை எனக்கு முதலில் வந்ததே அந்தச் சோம்பேறித்தனத்தால்தான்.)

குமிழ் செய்யும் விதம்: 4 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எடுத்து, தலைப்பக்கம் எம்-சீல் பிசைந்து கொழுக்கட்டை மாதிரி அப்பி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் போல்ட்டின் மறுமுனையை டிரில்லிங் மெஷினில் மாட்டி, குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு உப்புத்தாளைப் பிடியுங்கள். முதலில் 220, பிறகு 600-ஐத் தண்ணீரில் நனைத்து. ஐந்து நிமிடத்தில் உருண்டை தானாக வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூள் பறக்கும். அடிப்பாகத்தை மட்டும் விமான உடலைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக விடுங்கள். ஏனென்றால் கிட்டின் உடல் வெட்டும் இடத்தில் சரியான வட்டமாக இருக்காது. ஒட்டிய பிறகு இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால்தான் படி தெரியாமல் ஓடும். குமிழின் மேல்விளிம்பு விண்ட்ஷீல்டின் அடியைத் தாண்டி எழக் கூடாது. 219-இல் விமானி ஏறக்குறைய மூக்கு நுனியிலேயே உட்காருகிறார். அவர் பார்வையை நாம் மறைத்தால் முழு வடிவமைப்பும் வீண்.

போல்ட்டைப் பிடுங்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டு அறுத்து, உள்ளே விட்டு ஒட்டுங்கள். வாலுக்குப் பதில் மூக்கில் சக்கரம் வைத்த விமானத்துக்கு முன்பக்கக் கனம் தேவை. என் முதல் 219 இரண்டு வருடம் வாலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாமியாவின் 1/48 கிட்டில் இதற்கென்றே உலோக வார்ப்பு ஒன்று வரும். உங்கள் அளவில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கில் சக்கர அறை இருப்பதால் இடம் குறைவு. இன்ஜின் கூடுகளின் முன்பாதி பின்சக்கரங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது, அங்கே தூண்டில் ஈயக்குண்டுகளைத் திணியுங்கள். எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, பின்சக்கரம் வரும் இடத்தில் இறக்கைக்கு அடியில் பென்சில் கொடுத்துப் பாருங்கள். மூக்கு தயங்காமல் சாய வேண்டும். அப்புறம்தான் பசை.

கொம்புகள் போனாலும் இது இரவு விமானம் என்பதை மறக்க வேண்டாம். புகைக்குழாய்களின் மேல் சுடர் மறைக்கும் உறையை விட்டுவிடாதீர்கள். கற்பனை மாடல் செய்பவர்கள் ரேடாரை மாற்றும் உற்சாகத்தில் இதைத்தான் மறக்கிறார்கள்; இரவில் தீ கக்கிக்கொண்டு போகும் விமானத்துக்கு ரேடார் எதற்கு? முதுகில் சாய்ந்து மேல்நோக்கும் இரண்டு பீரங்கிகள் மட்டும் இருக்கட்டும். மருந்துக்கடை ஊசியை நறுக்கி வைத்தால் குழல் ஆயிற்று. நறுக்கும்போது இடுக்கியில் பிடியுங்கள், விரலில் வேண்டாம்.

நிறம்: அடியில் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) 76 வெளிர் நீலச் சாம்பல், மேலே 75 சாம்பலில் புள்ளித் தீற்றல், காக்பிட்டுக்குள் 66. குமிழில் மட்டும் தீற்றல் போடாமல் ஒரே நிறமாக விடுங்கள். பட்டறையில் பிறகு மாட்டிய பாகம் என்று அது ஒன்றே சொல்லிவிடும். ஜெர்மன் அடையாளங்கள் வேண்டாம் என்றாலும் வழி உண்டு. போருக்குப் பின் பிரிட்டிஷ் வட்டங்களோடு சில 219-கள் பறந்தன. ஓட்டிப் பார்த்த சோதனை விமானி எரிக் பிரவுன் இன்ஜின் சக்தி போதவில்லை என்று குறை சொன்னார். செக்கோஸ்லோவாக்கியாவிலும் இரண்டு, எல்பி-79 என்ற பெயரில் இருந்தன.

இது முடிந்த பிறகும் கை துறுதுறுத்தால், அடுத்த பொய்யாக 24 சிலிண்டர் யூமோ 222 என்ற ப்ரொப்பெல்லர் இன்ஜின் ஒழுங்காக வேலை செய்தது என்று வைத்துக்கொண்டு, நான்கு இதழ் ப்ரொப்பெல்லரோடு இன்னொரு கிட்டில் ஆரம்பிக்கலாம். அதற்கு முன் அந்த இரண்டு ஜெட் இன்ஜின்களையும் 262-இலேயே ஒட்டி, அந்தக் கிட்டை முடித்துவிடுங்கள்.