மலை வீட்டு அடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வளைகுடாவில் பதற்றம் என்றால் எங்கள் டீக்கடை சிலிண்டர் விலை அடுத்த மாதமே ஏறிவிடுகிறது. அரசு நிலத்தடியில் எண்ணெய் சேமித்து வைத்திருக்கிறதே, அது உதவாதா? – வாசகர், குன்னூர்

பதில்: விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்றிலும் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் உண்டு. அதைச் சுத்திகரித்தால் டீசலும் பெட்ரோலும்தான் அதிகம் வரும். சமையல் கேஸ் சிறு பங்கே. நாடு எரிக்கும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. அதில் பெரும்பகுதி வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வந்து பழகியது. விலைக்கு அடிப்படை, சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலை. ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தர 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் ஏழைப் பெண்களைப் புகையிலிருந்து மீட்டது, பெரிய காரியம். ஆனால் உள்ளூர் எரிபொருளில் எரியும் இரண்டாவது அடுப்பை அதே வேகத்தில் வீடுகளுக்குக் கொண்டு போகாதது தவறு என்றே சொல்வோம்.

கேள்வி: ஜனவரி காலையில் அடுப்பு மங்கி எரிகிறது. சிலிண்டரைத் தூக்கினால் கனமாகத்தான் இருக்கிறது. எடையில் ஏமாற்றா? – வாசகி, ஊட்டி

பதில்: இல்லை, குளிர். சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம் இருக்கிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், அதனால் முதலில் தீர்வது அதுதான். மிஞ்சும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. கேஸ் எடுக்க எடுக்கத் திரவம் மேலும் குளிரும். சிலிண்டரைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், காற்றோட்டமுள்ள அறைக்குள் நிமிர்த்தி வையுங்கள். காலையில் ஒரு பர்னர் போதும். வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது, படுக்க வைப்பது மூன்றும் ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். தீர்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்குமுன் எடை போடுங்கள். சிலிண்டரில் பொறித்த காலி எடையைக் கழித்தால் மீதி தெரியும்.

கேள்வி: ஹட்டியில் (படகர் ஊரில்) இரண்டு மாடு வைத்திருக்கிறோம். சாண எரிவாயு போட்டால் சிலிண்டரை விட்டுவிடலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: முழுதாக விட முடியாது. இரண்டு மாட்டுக்கு நாளுக்கு 20 முதல் 25 கிலோ சாணம். கிலோவுக்கு 40 லிட்டர் வாயு என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர், அதாவது 400 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டர் 40 நாள் வரும் வீட்டின் செலவே நாளுக்கு 355 கிராம்தான். கோயம்புத்தூரில் கணக்கு சரியாக வரும். கோத்தகிரியில் வராது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி பிடிக்கும். 20-க்குக் கீழே சோர்ந்துவிடும், 10-ல் ஏறத்தாழ நின்றே போகும். மார்கழி, தையில் பாதி கிடைத்தாலே நல்லது.

அதனால் குழியைப் பெரிதாகப் போடுங்கள். 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் சேர்ந்து தினம் 50 லிட்டர். சமவெளியில் இந்தக் கரைசல் 40 நாள் உள்ளே தங்கினால் போதும், 2,000 லிட்டர் குழி. இங்கே 55 நாள், 2,750 லிட்டர். தீனபந்து என்ற சாண எரிவாயுக் கலன் வகையில் குவிமாடம் மண்ணுக்குள் இருப்பதால் குளிர் குறைவாகத் தாக்கும். சில்வர் ஓக் நிழல் விழாத, வெயில் படும் சரிவைத் தேர்ந்தெடுங்கள். குவிமாடத்தின் மேல் மண்ணைப் போட்டு அதன் மேல் ஓர் அடிக்கு வைக்கோல் மூடுங்கள். கறுப்பு டிரம்மில் தண்ணீரை வெயிலில் வைத்து மதியம் கரைத்து ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனிலிருந்து சில குடம் கரைசல் கொண்டுவந்து தொடங்குங்கள். முதலில் வருவது கரியமில வாயு, எரியாது, திறந்துவிட்டுவிட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் தொழுவத்திலிருந்துதான். பினாயில் கழுவிய தண்ணீரும், ஊசி போட்ட மாட்டின் சாணமும் உள்ளே போகவே கூடாது. புளித்த வாடை வந்தால் சில நாள் ஊற்றுவதை நிறுத்துங்கள். நம் குளிரில் குழாயில் நீர் கோத்து ஜுவாலை துள்ளும். குழாயைச் சரிவாகப் பதித்து, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய்த் திருகு வையுங்கள். கேஸ் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள். சாண வாயுவுக்கு எரிசக்தி குறைவு, ஜெட் துளை பெரிதாக உள்ள தனி அடுப்பு வேண்டும். வெளியேறும் கரைசல் கேரட்டுக்கும் உருளைக்கும் நல்ல உரம்.

கேள்வி: குந்தா மின்சாரம் எங்கள் பக்கத்திலேயே உற்பத்தியாகிறது. இண்டக்‌ஷனுக்கு மாறலாமா? – வாசகி, மஞ்சூர்

பதில்: மாறலாம், ஆனால் 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையமானாலும் குந்தாவானாலும் மின்சாரம் பொதுத் தொகுப்புக்குத்தான் போகிறது. அந்தத் தொகுப்பில் இறக்குமதி நிலக்கரியும் எரிகிறது. ஒரு சிலிண்டரின் வேலைக்குச் சுமார் 140 யூனிட் ஆகும். உங்கள் மின் அட்டையில் அதைக் கூட்டி எந்தக் கட்டணப் படிக்குத் தாவுகிறீர்கள் என்று பாருங்கள். 2,000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் இவ்வளவும் வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளில் கம்பியை மாற்றாமல் போடவே வேண்டாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் இரண்டு நாளும் ஆகலாம், ஒரு சிலிண்டர் கையிருப்பில் இருக்கட்டும்.