வேலையை விடாதீர்கள், மேடை அலங்காரத்தை விடுங்கள்

கேள்வி: கடலூரில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36. நுண்கலை படித்தபோது ராப்பகலாக வரைந்தவள், கேன்வாஸைத் தொட்டு மூன்று வருடமாகிறது. பள்ளி, இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் கை ஓடவில்லை. "அதான் தினமும் பள்ளிக்கூடத்தில் வரைகிறாயே" என்கிறார் கணவர். வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் படம் விற்றுப் பிழைக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அன்புச் சகோதரி, வேலையை விடாதீர்கள். புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஆசையாக வாங்குவது மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள பிரெஞ்சு வீட்டுப் படங்களை. விற்றுத்தான் அரிசி வாங்கவேண்டும் என்றால் நீங்களும் அந்தச் சுவரையே வரையவேண்டி வரும். யாரும் வாங்காத ஒரு படத்தை வரையும் சுதந்திரத்தை உங்கள் மாதச் சம்பளம் தருகிறது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை நினைத்துப் பாருங்கள். எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டு அவர் வரைந்த புகழ்பெற்ற ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. அப்போது அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1966இல் சென்னைக்கு அருகே அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்திலும், ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியம் விலைக்காக வளையாமல் இருக்க அது உதவியது.

சரி, கை ஏன் ஓடவில்லை? சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கோடுகளைத் திருத்திய கண், ராத்திரி உங்கள் கோடுகளையும் திருத்தத்தான் பார்க்கும். முதல் கோடு விழுந்ததுமே பிழை தெரிந்தால் இரண்டாவது கோடு எப்படி வரும்? அதனால் பள்ளி முடிந்த பிறகு வரையவே வேண்டாம். விடியற்காலையில், யார் நோட்டையும் பார்ப்பதற்கு முன், அரை மணி நேரம் வரையுங்கள்.

எண்ணெய் வண்ணத்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். அதை எடுத்து வைத்து, தூரிகை கழுவி முடிக்கவே உங்கள் அரை மணி போய்விடும். மையும் கரியும் போதும், மிஞ்சினால் நீர்வண்ணம். தாள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் ஆலையில் பருத்திக் கழிவில் செய்த நல்ல தாள் கிடைக்கும். கடற்கரை ஊரில் ஈரம் பட்டால் தாளில் பூஞ்சை பிடிக்கும், சுவரோரமாக அடுக்காதீர்கள். பொருளும் ஒன்றாகவே இருக்கட்டும். முதுநகர்த் துறைமுகத்தில் படகும் வலையும் இருக்கின்றன. எதை வரைவது என்று யோசிப்பதிலேயே காலை போகாமல் இருக்கும்.

வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வரையும்போது நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் நோட்டில் நீங்களும் வரையுங்கள். கரும்பலகை மாதிரிப் படத்தைச் சொல்லவில்லை, உங்களுக்கான படம். டீச்சரே அழித்து அழித்து வரைவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் போகும். எனக்கு இந்த யோசனை மீதுதான் அதிக நம்பிக்கை.

உங்கள் நேரத்தைத் தின்பது வகுப்பைவிட மற்ற வேலைகள்தான் என்று நினைக்கிறேன். ஆண்டு விழா மேடை, வரவேற்புப் பலகை, மற்ற ஆசிரியர்களின் சார்ட். "டிராயிங் டீச்சர் இருக்காங்களே" என்று எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். மேடையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மேற்பார்வை மட்டும் பாருங்கள். சார்ட்டுக்கு, "இந்த வாரம் முடியாது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். முதல் தடவை முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

கணவரிடம் கலையைப் பற்றி வாதாடவேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகளையும் டிபனையும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பொதுவாக "எனக்கு நேரம் வேண்டும்" என்றால் யாருக்கும் புரியாது; மணி சொல்லிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

கேன்வாஸை மே மாத விடுமுறையில் எடுங்கள். அதுவரை சேர்ந்த தாள்களைத் தரையில் பரப்பி, எதைப் பெரிதாக வரையத் தோன்றுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் சிலவற்றை எனக்கும் அனுப்பிவையுங்கள்.