வாசகர் கேள்விகள்: ஒல்லாந்தர் தேசம்

கேள்வி: புளியந்தீவில் இருப்பதை ஒல்லாந்தர் கோட்டை என்கிறோம். உலகப்படத்தில் நெதர்லாந்து என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகி, கல்லடி

பதில்: நாட்டின் பெயர் நெதர்லாந்து. அதன் 12 மாகாணங்களில் வட ஹொலண்ட், தென் ஹொலண்ட் என்ற இரண்டுதான் ஹொலண்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஐந்து அங்கேயே இருந்தன. கப்பலில் வந்தவர்களின் ஊர்ப்பெயரே நமக்கு முழு நாட்டின் பெயராகிவிட்டது. கோட்டையை 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கந்தோர், கக்கூசு, லாச்சி ஆகியவை அவர்கள் விட்டுப்போன சொற்கள். தலைநகர் ஆம்ஸ்டர்டாம், ஆனால் அரசும் நாடாளுமன்றமும் ஹேக் நகரில் இயங்குகின்றன.

கேள்வி: மாரியில் ஒரு கிழமை வெள்ளம் நின்றாலே எங்கள் வட்டையில் வேளாண்மை அழிந்துவிடும். கடலுக்குக் கீழே இருக்கும் நிலத்தில் அவர்கள் எப்படிப் பயிர் செய்கிறார்கள்?
– விவசாயி, வெல்லாவெளி

பதில்: அந்த நாட்டில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரு பகுதி அவர்களாலேயே தாழ்ந்தது. மேற்குப் பகுதியின் மண், செடிகொடி மக்கிய சதுப்பு மண். பயிருக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் மண்ணுக்குள் காற்றுப் புகுந்தது. மண் உக்கி ஆண்டுதோறும் அமிழ்ந்தது. ஒரு கட்டத்தில் நீர் தானாக வடியவில்லை. 15ஆம் நூற்றாண்டில் காற்றாலைகள் வந்தது இதனால்தான்.

நம் வாவி நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம், நீர் கடலுக்கு ஓடிவிடும். அங்கே வெட்டினால் கடல் உள்ளே வரும். ஆகவே நீரைத் தூக்கித்தான் வெளியேற்ற வேண்டும். ஏரியைச் சுற்றி முதலில் அணை. அணைக்கு வெளியே சுற்றுக் கால்வாய். காற்றாலையின் அள்ளு சக்கரம் நீரை அந்தக் கால்வாய்க்கு ஏற்றும், அங்கிருந்து அது ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். ஓர் ஆலை ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரம்தான் தூக்கும். ஆழம் கூடினால் மூன்று, நான்கு ஆலைகளைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். பேம்ஸ்டர் ஏரியை இப்படித்தான் 1612இல் வற்றவைத்தார்கள். 1610இல் வேலை முடியும் தறுவாயில் புயலில் அணை உடைந்து நீர் திரும்ப வந்தும், அவர்கள் விடவில்லை.

பிறகு 1932இல் 32 கிலோமீற்றர் நீள அணையால் ஒரு வளைகுடாவையே மறித்து நன்னீர் ஏரியாக்கினார்கள். அதற்குள் மீட்ட நிலத்தில் ஈரச் சேறு வெளிப்பட்டதும் விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் நீரை உறிஞ்சியது, களையையும் அடக்கியது. நாணலை அழித்த பின்னரே எண்ணெய்வித்தும் கோதுமையும் போட்டார்கள். அந்த நிலமே 1986இல் ஃபிளெவோலண்ட் மாகாணமானது.

இன்று மின்சாரப் பம்பிகள் இறைக்கின்றன, ஆனால் சிக்கல் தீரவில்லை. நீர்மட்டத்தை அதிகம் இறக்கினால் சதுப்பு மண் மேலும் அமிழும். பழைய வீடுகளைத் தாங்கும் மரக்கட்டைகளில் காற்றுப்பட்டு அவை உக்கும். உயர்த்தி வைத்தால் மாட்டின் குளம்பும் உழவு இயந்திரமும் புதையும். கரையோரத்தில் உவர்நீர் அடியிலிருந்து ஊறிவரும், அதை நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். எந்த மட்டம் என்று முடிவு செய்ய 21 நீர்ச்சபைகள் உண்டு. இவற்றின் மரபு 13ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. நான்கு ஆண்டுக்கொருமுறை தேர்தல், தனி வரி. நம் வட்டவிதானையாரின் பொறுப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சபைத் தலைவரின் வேலை விளங்கும். நாட்டின் இயல்பை அறிய விரும்புபவர் அரண்மனைக்கு முன் இந்தச் சபைகளைப் பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

கேள்வி: கடல் அணை கட்டினால் மீன்பிடி கெடாதா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: கெடும். 1953 ஜனவரி 31 இரவு, பெருநீரேற்றமும் வடமேல் புயலும் சேர்ந்து தென்மேற்குக் கரையை உடைத்ததில் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் கழிமுகங்களை அடைக்கத் திட்டமிட்டார்கள். கிழக்கு ஸ்கெல்டே கழிமுகத்தில் சிப்பி எடுப்போரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தார்கள். உவர்நீரும் நீரேற்றமும் நின்றால் சிப்பி வாழாது. அதனால் அங்கே 62 இரும்புக் கதவுகள் வைத்தார்கள். 1986இல் திறக்கப்பட்ட அந்தக் கதவுகள் சாதாரண நாளில் திறந்தே இருக்கும், புயலில் மட்டும் இறங்கும்.

கேள்வி: மகள் அங்கே படிக்கப் போகிறாள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– தாய், அக்கரைப்பற்று

பதில்: நான்கு மாதத்துக்கு மேல் தங்குவதானால் போய்ச் சேர்ந்த ஐந்து நாளுக்குள் நகரசபையில் பதிய வேண்டும். அங்கே தரும் இலக்கம் இல்லாமல் சம்பளமோ காப்புறுதியோ சரிவராது. பேச்சு நேரடியாக இருக்கும்; பேராசிரியரே முகத்துக்கு நேரே குறை சொன்னாலும் கோபம் என்று எடுக்க வேண்டாம். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. மதியம் பாணும் சீஸும், சூடான சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. சோற்றுக்குக் குறைவிராது: இந்தோனேசியாவையும் சூரினாமையும் ஆண்ட நாடு என்பதால் சம்பலும் ரொட்டியும் எளிதில் கிடைக்கும்.

சைக்கிள் ஓடத் தெரியாவிட்டால் இங்கேயே பழக்கி அனுப்புங்கள். மேடு பள்ளம் குறைவு, ஆனால் எதிர்க்காற்று கடுமை. இருட்டில் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், இல்லையென்றால் தண்டம். பூட்டு இரண்டு வாங்கட்டும், ஒன்றால் சைக்கிளைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.