கொரிய 'க' மூணும் ஒண்ணாக் கேக்குதா?

தம்பி, சபை ஊழியத்துக்குக் கொரியா கிளம்பணும், கொரிய மொழியோட மூணு விதமான 'க'வும் (சாதா 'க', காத்தோட வர்ற காத்து 'க', இறுக்கமான 'க') காதுல ஒண்ணாவே விழுதுன்னு ராயபுரத்துலேர்ந்து எழுதியிருக்கீங்க. முதல்ல வாயைப் பழக்குங்க, காது பின்னாடியே வரும். வாய்க்கு முன்னாடி மெல்லிசா ஒரு தாளைப் பிடிங்க. காத்து 'க'வுக்குத் தாள் நல்லா ஆடணும். இறுக்கமான 'க'வுக்கு அசையவே கூடாது. நம்ம 'பக்கம்'ல வர்ற 'க்க'தான் அது. சாதா 'க' மூக்கொலிக்குப் பின்னாடி 'தங்கம்' மாதிரி மெலிஞ்சிடும், அது உங்களுக்குத் தானா வந்துடும். சொல்லோட ஆரம்பத்துலதான் சிக்கல்: அங்க சாதா 'க'வுலயும் கொஞ்சம் காத்து இருக்கும். சியோல்காரங்க அதுக்குக் குரலைத் தாழ்த்துவாங்க, காத்து 'க'வுக்கு உயர்த்துவாங்க. அந்த ஏத்த இறக்கத்தைக் கேளுங்க.

இலக்கணத்துக்குப் பயப்படாதீங்க. வினை கடைசியில, உருபு பெயருக்குப் பின்னாடி, எல்லாம் நம்ம வழிதான்.

சபையில பெரியவங்களை மட்டும் 'நீங்க'ன்னு நேரா கூப்பிடாதீங்க. அவங்க வகிக்கிற பொறுப்போட பேருக்குப் பின்னாடி மரியாதைக்கு 'நிம்' சேர்க்கணும், போதகர்னா 'மொக்சாநிம்'. சபையில சொல்லப்போற உங்க விசுவாச சாட்சியை மனப்பாடம் பண்றதை விட்டுட்டு, தினம் நாலு வரி சத்தமா சொல்லிப் போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க.